லஸ்கர் மழை

நகக்கண்ணில் இன்னும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும் என் கூட்டாளிகளே! நீங்களும் நானும் முப்பது வருடத்துக்கு மேல் இந்த ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தோம். எட்டாம் வகுப்பு வந்தால் கூட்டுப் பெயர்ச்சொல் பாடம் வந்துவிடும். இரண்டு சொல்லை ஒட்டவைத்து ஒரு பொருளுக்குப் பெயராக்குவது. பிளாக்போர்டு, டூத்பிரஷ், போஸ்ட்மேன், ரெயின்கோட். முன்சொல்லை அழுத்திச் சொல்லு, பின்சொல்லை இறக்கிச் சொல்லு என்று மேசையைத் தட்டித் தாளம் போட்டு நம் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். நான் ஒரு சொல்லை மட்டும் ஒரு வருடம்கூடப் பலகையில் எழுதியதில்லை. புத்தகத்தில் அச்சாகி வந்திருந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடுவேன். ரெயின் கேஜ். மழையை அளக்கிற கருவி.

ஏன் என்று இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன ஆவணியில் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் போனைக் காட்டி, "நாளைக்கு நம்ம பக்கம் கனமழைன்னு போட்டிருக்கான்டா" என்றான். மாப்பிள்ளையின் தம்பி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஏலே, அது லஸ்கர் மழைடா" என்றான். வரிசையே சிரித்தது.

எங்கள் ஊரில் பொய்ச் செய்திக்கு அதுதான் பெயர். கட்சிக்காரர் கொடுக்கும் வாக்குறுதி லஸ்கர் மழை. வராத பஸ் லஸ்கர் மழை. அந்தச் சொல்லைச் சொல்கிற பிள்ளைகளுக்கு லஸ்கர் என்றால் யார் என்றே தெரியாது. எனக்குத் தெரியும். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருப்புல்லாணிக்கு மேற்கே நாலு கல் தள்ளி எங்கள் ஊர். மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிற மானாவாரி ஊர். ஊருக்குத் தெற்கே பெரிய கண்மாய். அதன் மடையைத் திறக்க, மூட, கரையைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வைத்திருந்த ஆள்தான் லஸ்கர். பத்து வருடமாக நிரந்தரமாகாத வேலை. காக்கிச் சட்டையும் வேட்டியும்தான் அவருடைய யூனிஃபார்ம். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து கரையோரம் ஓட்டு வீட்டில் இருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் லஸ்கர் மாமா.

மடையைவிட அவருக்குப் பெருமை ரெயின் கேஜ்தான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி, கரையடியில் முள்கம்பி வேலிக்குள் ஒரு சிமெண்டுத் திண்டு. அதில் முழங்கால் உயரத்துக்குத் துத்தநாகக் குழாய். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில், அவ்வளவுதான். ஊரில் அதை 'ரெயிங்கேசு' என்பார்கள். அவர் மட்டும் சரியாகச் சொல்வார். முதல் சொல்லை இழுத்து உயர்த்தி, இரண்டாவதைப் பட்டென்று கீழே வைப்பார். ஒரு இங்கிலீஷ் சொல்லை அதன் ஏற்ற இறக்கத்தோடு நான் முதன்முதலாகக் கேட்டது ஐந்தாவது படித்த அந்த மனிதரிடம்தான். காலேஜில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் பிறகுதான்.

தினமும் காலை எட்டரைக்குப் புனலை எடுத்து, பாட்டிலைத் தூக்கி, அளவுக் கண்ணாடியில் கவிழ்ப்பார். அரை அங்குலம் வரை கோடு போட்ட கண்ணாடி. அளவை ஒரு அட்டையில் எழுதி ஒன்பது மணி பஸ்ஸில் போகும் தபால் பையில் சேர்ப்பார். பெரிய ஆபீஸுக்கு அது போகும். அந்த வருடம் புரட்டாசி முழுக்க, ஐப்பசி முழுக்க அவர் எழுதியது ஒரே எழுத்துத்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் நாங்கள் கேட்போம். "மாமா, இன்னைக்கு?"

"சைபர்தான் ஆத்தா."

"மேகம் இருந்துச்சே மாமா?"

"மேகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. குழாய்க்குள்ள என்ன இருக்கோ அதத்தான் எழுதணும். சர்க்காருக்கு நம்ம கண்ணு முக்கியமில்ல, இந்தக் கண்ணாடிதான் முக்கியம்."

ஆவணியில் விழுந்த தூறலில் முளைத்த நெல் விரற்கடை உயரத்தில் நின்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அய்யா தினமும் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். தை பிறந்ததும் குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு வேலைக்குப் போய்விடலாம் என்று அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது. போனால் என் படிப்பு அத்தோடு சரி. எனக்கு முன்னால் போன வீட்டுப் பிள்ளைகள் யாரும் திரும்பவும் சிலேட்டைத் தொட்டதில்லை.

கார்த்திகை முதல் வாரம் ஊர் கூடி மழைச்சோறு எடுக்க முடிவானது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, உப்பில்லாமல் ஒன்றாகப் பிசைந்து, ஊர் எல்லையில் வைத்துச் சாப்பிட்டு, மழையில்லாத ஊரில் இருக்கமாட்டோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டே நடக்கத் தொடங்குவார்கள். ஊர்ப் பெரியவர் பின்னால் ஓடிப்போய், "போகாதீக தாயி, மழை பெய்யும், திரும்பி வாங்க" என்று கூப்பிடுவார். எங்கள் ஊரில் இதோடு இன்னும் இரண்டு வழக்கம் சேர்த்தி. அன்றைக்கு ஊரில் எந்த ஏனத்தையும் வெறுமனே வானத்துக்குக் காட்டக் கூடாது. ஏனம் என்றால் பாத்திரம். வாசலில் கிடக்கும் உரல், மாட்டுத் தொட்டி, கோழிக்கு வைத்த உடைந்த சட்டி, எல்லாவற்றிலும் துளித் தண்ணீராவது இருக்கவேண்டும். வயசுக்கு வராத பெண்பிள்ளைகள்தான் செம்பும் கையுமாகப் போய் ஊற்றவேண்டும். இரண்டாவது வழக்கம், அன்றிலிருந்து மூன்று நாளைக்கு 'மழை இல்லை' என்ற பேச்சு யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வந்தால் கூப்பிட்ட மழை கோபித்துக்கொண்டு போய்விடும்.

எனக்குக் கண்மாய்ப் பக்கம் ஒதுக்கினார்கள். அம்மா தன் கல்யாணச் சீரில் வந்த சின்னப் பித்தளைச் செம்பைக் கொடுத்தார். விளிம்பில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கரையோரத் தொட்டி, சலவைக் கல்லருகே கிடந்த பானை, இரண்டிலும் ஊற்றி முடித்தேன். கிணற்றில் மறுபடியும் செம்பை நிறைத்துக்கொண்டு திரும்பும்போது அது கண்ணில் பட்டது. வேலிக்குள் ரெயிங்கேசு. அண்ணாந்த வாய். ஊரிலேயே மழைக்கென்று வைத்த ஏனம் அது ஒன்றுதான். அதுதான் இரண்டு மாதமாக வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை ஏன் வரவில்லை என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இதைப் போய் எல்லாரும் மறந்துவிட்டார்களே என்று பெரியவர்கள் மேல் கோபம்கூட வந்தது.

லஸ்கர் மாமா வீட்டில் இல்லை. புதுமடத்துக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். கம்பிக்கு அடியில் நுழைந்தேன். பாவாடை கிழிந்தது. மற்ற ஏனங்களுக்குத் துளித் துளியாக ஊற்றியவள், இதற்கு முழுச் செம்பையும் கவிழ்த்தேன். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம், பானையில் பால் கறப்பது மாதிரி, இன்னும் காதில் இருக்கிறது. அப்போது கடல் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. மழை வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். மழை வரவில்லை. செம்பும் என் கையில் இல்லை. அன்றைக்கு வாங்கிய அடி செம்புக்காக.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் லஸ்கர் மாமா வந்து இறங்கினார். கையில் நனைந்த குடை. கடற்கரையில் இரவு நல்ல தூறலாம். இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எட்டரை ஆனதும் நேரே வேலிக்குள் போய்ப் புனலை எடுத்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் அங்கேயே நின்றுவிட்டேன். கண்ணாடியை நிரப்பினார், கொட்டினார். மறுபடி நிரப்பினார். மூன்றாம் முறையும் நிரம்பியது. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! பிள்ளை பிறந்த சேதி கேட்ட மாதிரி இருந்தது.

"ஒன்றரை அங்குலம்!" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கால் பெருவிரலால் மண்ணைக் கிண்டினார். புழுதிதான் கிளம்பியது. "ஏ ஆத்தா, நேத்து இங்கன நல்ல மழையா?"

இல்லை என்று சொல்லக் கூடாதே. மூன்று நாள் கெடுவாயிற்றே. அவர் வந்த பத்து வருடத்தில் ஊர் மழைச்சோறு எடுத்ததில்லை, அந்தக் கெடு அவருக்குத் தெரியாது.

"ஆமா மாமா" என்றேன்.

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அண்ணே, மழை பெய்ஞ்சுச்சாமே?"

டீக்கடைக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தானே. "ஏன் பெய்யாம? பெய்யாம எங்கிட்டுப் போகும்?" என்றார்.

"நம்ம மண்ணு எம்புட்டுக் குடிச்சாலும் காட்டிக்கிராதுப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் லஸ்கர் மாமா. ஒன்பது மணி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. எழுதி, ஓடிப்போய்ப் பையில் போட்டார். அந்தப் பருவத்திலேயே சைபர் இல்லாத முதல் அட்டை அதுதான்.

மழைச்சோறு எடுத்தும் மழை வரவில்லை. மார்கழியில் வறட்சி ஊர்களின் பட்டியல் வந்தது. பட்டியலில் உள்ள ஊர்களுக்குக் கண்மாய் தூர்வாரும் வேலை, கூலியாக நெல். எங்களைச் சுற்றியிருந்த எல்லா ஊரும் அதில் இருந்தது. எங்கள் ஊர் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் ஆபீஸுக்குப் போய்க் கேட்டதற்கு, உங்கள் ஊரில்தான் நெல் தண்ணீர் கேட்ட நேரத்தில் ஒன்றரை அங்குலம் பெய்திருக்கிறதே என்று அட்டையைக் காட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அய்யா மூட்டை கட்டச் சொன்னார். பட்டியல் இல்லையென்றால் தஞ்சாவூர்தான். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், ரெயிங்கேசில் தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று சொன்னேன். அம்மா சுருட்டியதை நிறுத்தினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "எம்புட்டு ஊத்துன?" என்று மட்டும் கேட்டார்.

"செம்பு நெறைய."

"யாருகிட்டயும் வாயத் தெறக்காத" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. செம்பில் தன் பெயர் வெட்டியிருப்பது அம்மாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்கவேண்டும்.

நாங்கள் கிளம்புவதற்குள், ஊரார் எழுதிப் போட்ட மனுவுக்காக ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கரையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஊரே கூடிவிட்டது. அன்று 'ஏன் பெய்யாம' என்ற அதே டீக்கடைக்காரர்தான் முதலில் சத்தம் போட்டார். "ஒரு பொட்டு விழுகல சார். இந்த ஆளு மாமனார் வீட்ல விருந்து சாப்பிட்டுட்டு வந்து வாய்க்கு வந்ததை எழுதிட்டான்!" தான் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மழையைக் கூப்பிடச் சொன்ன வார்த்தையை யாராவது சாட்சியாக நினைவில் வைப்பார்களா?

அதிகாரி நல்ல மனிதர்தான். லஸ்கர் மாமாவைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "நீ பத்து வருசமா ஒழுங்கா அளந்து அனுப்பின ஆளு. யாராச்சும் தண்ணி கிண்ணி ஊத்திட்டாங்களா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. நகம் பதிந்தது.

"ஊத்தியிருந்தா என்ன சார் செய்வீக?" என்று லஸ்கர் மாமா கேட்டார்.

"அரசாங்கக் கருவில கை வச்சா கேஸ்தான். ஊர்க்காரங்களே கை வச்சிருந்தா, இந்த ஊரு எழுதிக் கொடுக்கிறதை இனிமே எப்படி நம்புறது? பட்டியல்ல சேர்க்கிறது கஷ்டம்."

லஸ்கர் மாமா கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அவர் பார்வை அம்மாவின் கையில் வந்து நின்று, விலகியது.

"யாரும் ஊத்தல சார். அன்னைக்கு நான் அளக்கவே இல்ல. புதுமடத்துல மழை பெய்ஞ்சுச்சுன்னு இங்கனயும் பெய்ஞ்சிருக்கும்னு எழுதிட்டேன். தப்பு என்னுதுதான்."

மேகத்தைப் பார்த்து எழுதக் கூடாது என்ற மனிதர் அதைச் சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. எழுதிக் கையெழுத்து வாங்கினார். பத்து நாளில் ஊர் பட்டியலில் சேர்ந்தது. அதே பத்து நாளில் லஸ்கர் மாமாவின் வேலை போயிற்று. சிலர் அவர் வீட்டு வாசலில் மண் அள்ளித் தூற்றினார்கள். அய்யா நல்லவர், அவர்கூட வீட்டில், "நம்ம குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்தப் பார்த்தானே" என்று பல்லைக் கடித்தார். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. லஸ்கர் மழை என்ற சொல் பிறந்தது அந்த வாரம்தான்.

அவர் ஊரைவிட்டுப் போன அன்று நடுப்பகல். அய்யா கண்மாய் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் செருமல் கேட்டு அம்மா எழுந்தார். லஸ்கர் மாமா நின்றிருந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு கையிலும் ஏந்தியிருந்தது எங்கள் செம்பு. புளி போட்டுத் துலக்கியிருந்தார். விளிம்பு வரை தண்ணீர்.

"பேரு போட்டிருக்கு தாயி. வேலியோரம் ஆவாரஞ்செடிக்குள்ள கெடந்துச்சு. அட்டை போன மறுநாள்தான் கண்ணுல பட்டுச்சு."

அம்மா வாங்கிக்கொண்டார். "அண்ணே" என்றார். மழைச்சோறு அன்று ஊருக்காக அவ்வளவு சத்தமாக ஒப்பாரி வைத்த அம்மா, சத்தமே இல்லாமல் அழுதார்.

"கெணத்துத் தண்ணிதான். வெறும் ஏனமாத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுல்ல" என்றார் அவர். பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு குறும்பு.

"ஒரு செம்புக்கு ஒன்றரை அங்குலம், ஆத்தா. மூணு தடவை அளந்தேன், கண்ணாடி பொய் சொல்லாது. இந்த வருசத்துக்கு நீ பெய்ஞ்சதுதான் பெரிய மழை."

சிரித்துக்கொண்டே போனார். பிறகு கடற்கரைப் பக்கம் ஏதோ தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்ததாகக் கேள்வி. அம்மா ஒரே ஒருமுறை, நான் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வாங்கிய அன்று, அந்தப் பேச்சை எடுத்தார். "அந்த மனுசன் வேலை போயித்தான் நீ இங்கன இருந்து படிச்ச. மறந்துராத." மறக்கவில்லை. ஆனால் அம்மாவும் நானும் வாயைத் திறக்கவும் இல்லை. முதலில் பயம். பிறகு வெட்கம். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்ற சோம்பல். இந்த மூன்றாவதுதான் எனக்கு இப்போது மிகவும் அருவருப்பாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உங்களுக்குச் சொன்ன இத்தனையும் அவனுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் கை மேசையைத் தேடியது, பழக்கதோஷம். ரெயின்கோட் மழையைத் தடுப்பது, ரெயின் கேஜ் மழையை அளப்பது. இரண்டிலும் முன்சொல் ஒன்றுதான். நடுவில் இருக்கிற வேலையை இந்தக் கூட்டுச் சொற்கள் வெளியே சொல்லாது, முழுங்கிவிடும். தெரிந்தவர்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றேன்.

"அப்ப இனிமே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டான்.

"தாராளமாச் சொல்லு. லஸ்கர் எழுதுன மழைன்னு நெனச்சு இம்புட்டு நாளும் சொன்னீக. இனிமே லஸ்கர் சுமந்த மழைன்னு நெனச்சுச் சொல்லு."

"லஸ்கர் மழை" என்று அவன் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், முன்சொல்லை அழுத்தி.